வண்டிக்குள் உறங்குகிறவர்கள்

‘கேரவன்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டப்பட்ட பெரிய வண்டிதான். மேலைநாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் ஒரு வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வழக்கம் இங்கே வேர்விடவில்லை. மலைக்கு அப்பால் கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது; அதுவும் வசதி படைத்தவர்களின் விடுமுறைக்கானதுதான்.

ஆனாலும் நம்மிடம் வீட்டு வண்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். கேரியரில் அண்டாவும் அரிசி மூட்டையும் ஏற்றித் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டிய டூரிஸ்ட் வேன்கள் ஆரியங்காவு வழியே சபரிமலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆனி, ஆடியில் அதே வேன்கள் குற்றாலச் சாரலுக்கு வரும். சாலையோர மரத்தடியில் சமைத்து, வண்டிக்குள்ளேயே துணி உலர்த்தி, இருக்கையிலேயே உறங்கி எழுந்து, மூன்று நான்கு நாட்கள் அதிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். பயணிகளுக்குத்தான் இது மூன்று நாள் கணக்கு. ஓட்டுநருக்கோ ஆண்டில் பாதி நாட்கள் அதுவே வீடு. அவ்வண்டிகளில் பல 15 ஆண்டு, 20 ஆண்டு பழையவை.

அந்தப் பழைய வீட்டை வெயிலில் எப்படிக் குளிர்ச்சியாக வைத்திருப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நமக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது, ஒரு விடியற்காலை வரையில்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களை அழைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு வந்திருந்தோம். சித்திர சபையின் சுவரோவியங்களைக் காட்டுவது, தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலைப் பார்ப்பது, மாலையில் அருவிக் குளியல் என்பது திட்டம். ஆனி மாதம்தான், ஆனால் அவ்வாண்டு சாரல் பொய்த்திருந்தது. பேரருவியில் நூல்போல நீர். வெயிலோ சித்திரையைப் போல. நாமும் மாணவர்களும் விடுதியில் தங்கினோம். வேன் எதிரே இருந்த பொட்டலில் நின்றது. ஓட்டுநர் ஐம்பதைக் கடந்தவர். அவருக்குப் பேட்டா பேசியிருந்தோம். சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தோம். அவர் எங்கே படுக்கிறார் என்று நாம் கேட்கவில்லை. வண்டி இருக்கிறதே என்ற எண்ணம்தான்.

பகலில் கோயில், சபை. இரவு பத்து மணிக்கு மேல் ஐந்தருவி. கூட்டம் குறைந்திருக்கும் என்று மாணவர்கள் கேட்டார்கள். மறுநாள் விடியுமுன் பழைய குற்றாலம். எல்லாவற்றுக்கும் வண்டியை எடுத்தவர் அவர்தான். மூன்றாம் நாள் அதிகாலை ஊர் திரும்பும்போது, கடையநல்லூர், புளியங்குடி கடந்து வாசுதேவநல்லூரை நெருங்கும் இடத்தில் வண்டி மெல்லச் சாலையை விட்டு இறங்கியது. முன் இருக்கையில் இருந்த மாணவன் போட்ட கூச்சலில் அவர் விழித்து பிரேக்கை மிதித்தார். ஒரு புளியமரத்துக்கு நான்கைந்து அடி முன்பாக வேன் நின்றது. யாருக்கும் காயமில்லை.

நாம் இறங்கி முதலில் செய்த காரியம் அவரைக் கடிந்துகொண்டதுதான். அவர் எதிர்த்துப் பேசவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “தப்புதான் சார். ரெண்டு நாளா கண்ண மூடல. பகல்ல வண்டிக்குள்ள படுத்தா வெந்துருவோம்லா. ராத்திரி கண்ணாடிய ஏத்துனா புழுக்கம், எறக்குனா கொசு” என்றார். “சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி” என்றோம். “யார்ட்ட சார் சொல்ல?” என்று திருப்பிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டதுபோல் இருந்தது.

இதில் நம்மை இன்றும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் நாம் அம்மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்த பாடம் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் உப்பு வணிகரான உமணரின் வண்டியை வருணிக்கிறார். கூரை வேய்ந்த வண்டி, அதில் கோழி அடையும் கூடு, தொங்கும் சிற்றுரல், கயிற்றால் கட்டிய காடிக்கலம், கைக்குழந்தையோடு எருதை ஓட்டிச் செல்லும் பெண். தமிழில் பதிவாகியிருக்கும் முழுமையான வீட்டு வண்டி அதுவே எனலாம். அந்த வண்டியின் கூரைக்குப் புலவர் காட்டும் உவமை, மழைமேகத்தைச் சுமந்து நிற்கும் குன்று. சாரல் காலத்தில் குற்றால மலையைப் பார்த்தவர்களுக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உமணர் வழியில் வரும் இடரை எண்ணி மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிச் செல்வதைக் காட்டுகிறார். இவற்றையெல்லாம் வகுப்பில் நயம் பாராட்டிச் சொல்லிவிட்டு வந்த நாம், கண்முன்னே நின்ற வண்டியின் கூரை எத்தகையது, அதனடியில் இருப்பவர் நிலை என்ன என்று நினைத்தும் பார்க்கவில்லை.

அதன்பின் இதைப்பற்றிச் சற்று விசாரித்தோம். ஓட்டுநர்களிடமும், வண்டிக்குக் கூடு கட்டும் பட்டறைக்காரர்களிடமும், நம் கல்லூரி இயற்பியல் துறை நண்பர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெப்பம் ஏறத்தாழ 1000 வாட். வேனின் கூரை 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று கொண்டால் 12 சதுர மீட்டர். அதாவது, 1000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் 12ஐ இணைக்கும் அளவுக்கு வெப்பம் அந்தத் தகட்டின்மேல் இறங்குகிறது. கூரையின் நிறம் கருநீலமாகவோ அடர்சிவப்பாகவோ இருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே போகும். புதிய வெள்ளைப் பூச்சாக இருந்தால் பெரும்பகுதி திரும்பிப் போகும். புதிய வண்டியில் தகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு இருக்கும். பழைய வண்டியில் அது பொடிந்து உதிர்ந்துபோய், தகடும் கிழிந்த ரெக்சினும் மட்டுமே மிஞ்சியிருக்கும். கண்ணாடி வழியே புகும் வெயில் இருக்கையையும் தரையையும் சுடவைக்கிறது. அவை உமிழும் வெப்பம் அதே கண்ணாடி வழியே எளிதில் வெளியேறுவதில்லை. போதாததற்கு, ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலேயே இன்ஜின் உள்ள வண்டிகளில், நிறுத்திய பிறகும் வெகுநேரம் அந்தச் சூடு அடங்காது.

இதற்கு மாற்று என்ன? முதலில் வெயிலை வண்டிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். முன்கண்ணாடிக்கு உள்ளே துணி மாட்டுவதைவிட வெளியே போர்த்துவது நல்லது. உள்ளே மாட்டிய திரை சூடேறினால் அந்தச் சூடு வண்டிக்குள்தானே இருக்கும்? அவ்வாறே கேரியரில் போடும் தார்ப்பாயைத் தகட்டோடு ஒட்டிக் கட்டாமல், ஒரு சாண் உயரத்தில் காற்றோடும்படி கட்டினால் அது இரண்டாம் கூரையாகிவிடுகிறது. உமணர் வண்டியின் புல்வேய்ந்த கூரையும், நம் பாட்டன்மார் காலத்துக் கூண்டு வண்டியின் மூங்கில் பாயும் செய்த வேலை இதுதான். கூண்டு வண்டி முன்னும் பின்னும் திறந்திருக்கும். மூங்கிலிலும் பாயிலும் வெப்பம் எளிதில் ஊடுருவாது. இரும்புத் தகட்டுக்கு அந்தப் பண்பு கிடையாது.

அடுத்தது காற்று. சூடான காற்று மேலே எழும். ஆகவே கூரையில் உள்ள திறப்பைத் திறந்து, நிழல்பக்கத்துச் சன்னலையும் திறந்துவைத்தால் உள்ளிருக்கும் வெக்கை மேலேறிப் போகும்; கீழிருந்து புதுக்காற்று வரும். சன்னலுக்கு நைலான் வலை அடித்துவிட்டால் கொசுவுக்கும் அஞ்ச வேண்டாம். குற்றாலத்தில் குரங்குக்கும் வழி சொல்ல வேண்டும்; திரிகூடராசப்பக் கவிராயர் காலத்திலிருந்தே அவை அம்மலையின் உரிமைக்காரர்கள். கம்பிச் சட்டம் போட்டால் அவற்றையும் சமாளித்துவிடலாம்.

மூன்றாவது நீர். ஈரச்சாக்கையோ வெட்டிவேர்த் தட்டியையோ காற்று வரும் சன்னலில் தொங்கவிடும் வழக்கம் பழமையானது. ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் இதற்குக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தென்காசியில் இது நன்றாகப் பலன் தரும். சாரல் அடிக்கும்போது காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் ஈரச்சாக்கு புழுக்கத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

“இவ்வளவு பாடு எதற்கு? ஏசி போட்டுவிட்டால் போதாதா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வண்டியின் ஏசி இன்ஜினால் ஓடுவது. நிறுத்திய வண்டியில் அது ஓட வேண்டுமானால் இன்ஜினும் ஓட வேண்டும். டீசல் செலவை உரிமையாளர் ஏற்கமாட்டார். ஒரு வண்டியின் ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தையும் புகையையும் பக்கத்து வண்டியில் சன்னலைத் திறந்து படுத்திருப்பவர்தான் சுமக்கிறார். இதைவிடப் பெரிய அபாயமும் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். குளிர்ச்சிக்காக ஓடவிட்ட ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிய வந்தது. நிறமோ மணமோ இல்லாத நச்சுவாயு அது, உறங்குகிறவரை எழுப்புவதில்லை. அடித்தளத்தில் துரு அரித்துத் துளை விழுந்த பழைய வண்டியில் சன்னல்களை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு உறங்குவதை யாருக்கும் நாம் பரிந்துரைக்க முடியாது.

இனி நம் கருத்தைச் சொல்லலாம். மேலே சொன்ன ஏற்பாடுகள் அனைத்தும் பயனுள்ளவை, பெரிய செலவில்லாதவை. ஆயினும் வெட்டவெளியில் நிற்கும் இரும்புப் பெட்டியை இவற்றால் உறங்கத்தக்க இடமாக ஆக்கிவிட முடியாது. சற்றுப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாக ஆக்கலாம், அவ்வளவே. வண்டி குளிர்ச்சியாக இருப்பது பெரிதும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பழைய காலத்தில் குளிர்ச்சி வழியில் இருந்தது. வண்டிக்குள் அதைத் தேட வேண்டிய தேவை குறைவு. சாவடி, சத்திரம், கிணறு, தண்ணீர்ப்பந்தல், ஆலும் மருதும் புளியும் நிழல் பரப்பிய சாலை என்று வழிநெடுக அதற்கான ஏற்பாடு இருந்தது. இராணி மங்கம்மாளைத் தென்பாண்டி மக்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது சாலைகளாலும் சத்திரங்களாலும்தானே? வண்டிக்காரனும் அந்தி சாய்ந்து புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஒரு தோப்பில் அவிழ்த்துவிடுவான். மாட்டுக்கு வெயில் ஆகாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்த நாம், மனிதனை அவிழ்க்க மறந்துபோனோம்.

தென்காசிப் பகுதிக்கு இயற்கை கொடுத்திருக்கும் வரம் காற்று. தென்மேற்குப் பருவத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அது பாய்ந்து வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுரவாசலில் நின்று அந்தக் காற்றில் வேட்டி படபடக்காதவர் இருக்கமாட்டார். இரண்டு நாள் புழுங்கிக் கிடந்த நம் ஓட்டுநர் அந்த வாசலிலிருந்து கூப்பிடு தொலைவில்தான் வண்டியை நிறுத்தியிருந்தார். வண்டிகள் நிற்கும் இடங்களை அந்தக் காற்றுக்கு வழிவிட்டு அமைப்பதும், பக்கச் சன்னல்கள் மேற்குப் பார்க்கும்படி வரிசைப்படுத்துவதும், இடையிடையே புங்கையும் வேம்பும் மருதும் நட்டு வளர்ப்பதும் பெரிய பொறியியல் அல்ல. நாம் செய்திருப்பதோ நேர்மாறானது. திருநெல்வேலி–தென்காசிச் சாலையை நான்கு வழியாக விரிவாக்கியபோது வழியோர மரங்கள் பல வெட்டப்பட்டன. சாலை அகலமானதில் நமக்கு மகிழ்ச்சியே; பயண நேரம் குறைகிறது. ஆனால் வெட்டியதற்கு ஈடான நிழல் வளர இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் முறையன்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 2023இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும், விருந்தினரை அழைத்துவரும் ஓட்டுநர்களுக்குத் தம் வளாகத்திலோ 250 மீட்டர் தொலைவுக்குள்ளோ படுக்கை, கழிப்பறை, குளியலறை வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். புதிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற ஒன்றிய அரசின் விதியும் 2025இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. எனினும் இரண்டுமே நாம் பேசுகிற மனிதரைத் தொடாமல் போகின்றன. லாரி விதி புதிய வண்டிகளுக்குரியது; 20 ஆண்டு பழைய வேனுக்கு அதில் இடமில்லை. விடுதி விதியோ விடுதியில் தங்குகிறவர்களின் ஓட்டுநருக்கு உரியது. காலையில் வந்து அருவியில் குளித்து இரவில் திரும்பும் கூட்டத்துக்கும், பொட்டலில் சமைத்து உண்ணும் ஐயப்ப பக்தர்களுக்கும் விடுதியே கிடையாது. அவர்களின் ஓட்டுநர் எங்கே போவார்? சீசன் ஊரான குற்றாலத்தில், வண்டி நிறுத்துவதற்குக் கட்டணம் வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓட்டுநர்களுக்கென ஓர் ஓட்டுக்கூரைக் கொட்டகை, மின்விசிறி, குடிநீர், கழிப்பறை இருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. கட்டண ரசீதில் அதற்கென ஐந்து ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் எந்தப் பயணியும் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறோம்.

மரம் வைத்தால் வண்டி நிறுத்த இடம் குறையும், கிளை முறிந்து விழும் என்பார்கள். பத்து வண்டிக்கு ஓர் இடம் குறையலாம், ஒப்புக்கொள்கிறோம். கிளையை ஆண்டுக்கொருமுறை கழிக்க ஆள் வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறோம். ஓட்டுநர் உறங்காமல் ஓட்டும் வண்டியில் 20 பேர் இருக்கிறார்கள் என்பதை எதிர்ப்பக்கத்தில் வைத்து எடைபோட வேண்டும். உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் ஆழ்ந்த உறக்கம் வரும் என்கிறது மருத்துவம். வெந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள் எட்டு மணிநேரம் கண்ணை மூடிக்கிடந்தாலும் அது உறக்கமாகாது. விடிகாலை விபத்துச் செய்திகளில் ‘ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே காரணம்’ என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அவர் முந்தைய பகலை எங்கே கழித்தார் என்பது செய்தியில் வருவதில்லை.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் துறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வேன் பேசும்போது வாடகை, பேட்டா ஆகியவற்றோடு ஓட்டுநருக்கு ஒரு படுக்கையையும் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். இரவு அருவிக்குப் போவதென்றால் மறுநாள் பகல் முழுதும் வண்டியை எடுப்பதில்லை. மாணவர்கள் நடந்தோ ஆட்டோவிலோ போகட்டும். தலைக்குப் பிரித்தால் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுகூட வருவதில்லை. முதல்முறை இப்படி ஏற்பாடு செய்தபோது விடுதி மேலாளர், “டிரைவருக்கா சார்?” என்று இரண்டு தடவை கேட்டார். அதே ஓட்டுநர்தான் அன்றும் வந்திருந்தார். அறைக்குப் போனவர் அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, வண்டியைப் பூட்டினோமா என்று பார்த்துவிட்டு மறுபடி போனார். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அவரைக் கதவைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

இவ்வாண்டும் சாரல் காலத்தில் வாசகர்களில் பலர் குற்றாலத்துக்கு வருவீர்கள். வேன் வைத்துக்கொண்டு வந்தால், அருவிக்குப் போகுமுன் ஓட்டுநரிடம் எங்கே படுக்கப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். “வண்டியிலேயே படுத்துக்கிடுதேன் சார்” என்றுதான் சொல்வார். அதை நம்பிவிடாதீர்கள்.